என் பாராட்டு விழாவில் என் வீட்டுக்காரர்

நாற்காலியின் முதுகில் என் பெயரைக் கன்னடத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சிவப்பு ஸ்கெட்ச் பேனா. மேடையில் ஏறியதும் என் கண் அதன்மேல்தான் போனது. பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல் உட்கார்ந்தேன்.

மகளிர் தினத்தன்று மைசூரில் எங்கள் லேஅவுட் குடியிருப்போர் சங்கம் நடத்திய விழா அது. பாராட்டு எனக்கு. அங்கே இருக்கும் பெண்களுக்குப் பதினெட்டு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மாமியாருக்கும் மருமகளுக்கும், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு, நான் கற்றுக்கொடுத்த வீடுகள்கூட உண்டு. இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு என் பழைய வெள்ளைக் காரையும் அதன் கூரைமேல் இருக்கும் எல் போர்டையும் தெரிந்திருக்கும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

‘எனக்கு எதுக்குங்க இதெல்லாம்’ என்று சங்கத்தின் செயலாளர் நாகராஜுவிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். நான்காவது முறை அவர் கேட்காமலே விட்டுவிடுவாரோ என்று பயந்து ஒப்புக்கொண்டேன்.

அதற்கப்புறம் பத்து நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். பேசுவதற்கு ஒரு பக்கம் எழுதினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசிப் பார்த்தேன். “உள்ள என்ன முணுமுணுப்பு?” என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, ஸ்லோகம் என்று சொன்னேன்.

பூ கெட்டுப்போகும்

இந்த ஊரில் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் சால்வை, மாலை, பழக்கூடை, பேட்டா என்று ஒரு வரிசை உண்டு. பேட்டா என்பது ஜரிகைக் கரை போட்ட மைசூர்த் தலைப்பாகை. இப்போது தொப்பிபோல் தைத்தே கடையில் விற்கிறார்கள். அது தலையில் ஏறினால்தான் கௌரவம் முழுசாகும். இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணமானவர்களைத் தனியாகக் கௌரவிக்க மாட்டார்கள். கணவனும் மனைவியுமாக நிற்கவைத்துத்தான் சால்வை போர்த்துவார்கள்.

அதனால் மூன்றாவது வரிசையில் போட்டோ எடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை நாகராஜு மேடைக்குக் கூப்பிட்டார். “சேகர் சார், பன்னி பன்னி, வாங்க, மேடம் பக்கத்துல நில்லுங்க.” அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்கூடத் தெரியாது. அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். இவர் ஒரு ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து, முப்பத்து நான்கு வருடம் டவுன் பஸ்ஸில் போய் வந்து, ஓய்வுபெற்றார். என் காரில் ஏறினால் பின்சீட்டில்தான் உட்காருவார். முன்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம்.

சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு கல்லூரி முதல்வர். தட்டிலிருந்து பேட்டாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் தலையைக் குனிந்தேன். கொண்டை போட்டு, அதைச் சுற்றி இரண்டு முழம் மல்லிகை வைத்திருந்தேன். அவர் கொண்டையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், எங்கே வைப்பது என்று யோசித்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரரின் தலை இருந்தது. கொண்டை இல்லை, பூ இல்லை, முடியும் அவ்வளவாக இல்லை.

“ஹூவு ஹாளாகுத்தே மேடம்” என்றார். பூ கெட்டுப்போய்விடுமாம். ஏதோ எனக்கு உபகாரம் செய்கிறவர்போல் சொல்லிவிட்டு, பேட்டாவை என் வீட்டுக்காரர் தலையில் வைத்துவிட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். குனிந்த தலையை நான் எப்படியாவது நிமிர்த்தியாக வேண்டும். முந்தானையைச் சரிசெய்வதுபோல் சரிசெய்து நிமிர்ந்தேன்.

அதோடு போயிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். “எரடு மாத்து” என்று, அதாவது இரண்டு வார்த்தை பேசும்படி, நாகராஜு மைக்கை நீட்டினார். பேட்டா இருக்கும் தலைக்குத்தானே மைக் போகும்? என் வீட்டுக்காரர் அதை வாங்கி, சாலைப் பாதுகாப்பு பற்றிப் பதினொரு நிமிடம் பேசினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓவர்டேக் செய்யும்போது பொறுமை வேண்டும் என்றார். கீழே பிசிபேளாபாத்தின் மூடியைத் திறந்துவிட்டார்கள். வாசனை வந்ததும் கூட்டம் எழுந்துவிட்டது.

என் பேச்சு கைப்பையிலேயே இருந்தது.

மூன்றாவது கியர்

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ‘சார், அது எனக்கு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குப் பதில் சொல்ல, நீங்கள் என் காருக்குள் வந்து உட்கார வேண்டும்.

பயிற்சிக் காரில் எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் காலை எடுத்தால் நான் மிதிப்பேன். பதினெட்டு வருடத்தில் நான் கண்டது இது: பெண்கள் இரண்டு சமயங்களில் கிளட்சை விட்டுவிடுகிறார்கள். வெட்கம் வரும்போது, சந்தோஷம் வரும்போது.

வெட்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரிங் ரோட்டு சிக்னலில் வண்டி ஆஃப் ஆகி நிற்கும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். முதலில் காது சிவக்கும், அப்புறம் கழுத்து. அந்த அவசரத்தில் மறுபடியும் காலை எடுப்பார்கள், மறுபடியும் நிற்கும்.

சந்தோஷம்தான் வேடிக்கை. மேல்கோட்டையிலிருந்து எங்கள் லேஅவுட்டுக்குக் குடிவந்த ஒரு சம்ஸ்கிருதப் பேராசிரியை ஐம்பத்திரண்டு வயதில் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார். வகுப்பில் அவர் வாயைத் திறந்தால் மாணவர்கள் மூச்சுவிடப் பயப்படுவார்களாம். ஒரு நாள் காலியான ரோட்டில் முதல்முறையாக மூன்றாவது கியர் போட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. உடனே கலகலவென்று சிரித்தார். அடுத்த நொடியே சட்டென்று வாயை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “க்ஷமிக்கணும்” என்றார். எதற்கு மன்னிப்பு? ஐம்பத்திரண்டு வயதில் சந்தோஷமாக இருந்ததற்கு.

எல்லோரும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சிரித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று பக்கத்தில் ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு நான் எப்போதும் தலையாட்டிச் சிரிப்பேன். ‘பரவாயில்லை, சிரிங்க, ரோடும் இருக்கட்டும் சிரிப்பும் இருக்கட்டும்’ என்று அதற்கு அர்த்தம். என் தொழிலில் பாதி அந்தத் தலையாட்டல்தான்.

மேடையில் பேட்டா தலையில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் சிரித்தார். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிற சிரிப்பு. எங்கள் கல்யாண போட்டோவில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. சிரித்துவிட்டு, பக்கத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். பழக்கதோஷம்.

எங்கள் வீட்டில் பல் தெரியக்கூடாது

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்க்காரி. எங்களுக்கு நிலமும் ஒரு டிராக்டரும் இருந்தன. பதினேழு வயதில் ஒருநாள் டிரைவர் வரவில்லை என்று அப்பா என்னை ஏற்றி உட்காரவைத்தார். வண்டி நகர்ந்ததும் நான் சிரித்துவிட்டேன். அப்பா பின்னாலிருந்து சத்தம்போட்டார்: “ஏம்புள்ள, எதுக்கு இப்படி இளிக்கறே? ரோட்டைப் பாரு.”

அப்பா கெட்டவர் இல்லை. சந்தோஷத்தை வெளியே காட்டினால் கண்பட்டுவிடும் என்று நம்பினவர். பத்தாம் வகுப்பில் நான் தேறியதைச் சொன்னபோது, “செரி, போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்றார். அன்றைக்கு மாட்டிடம் நான் வெகுநேரம் பேசினேன்.

அப்படி வளர்ந்தவளுக்கு ‘எனக்கு வேண்டாம்’ என்பது வாயில் தானாக வரும். வேண்டும் என்று சொல்லத்தான் வராது. தோற்றுப்போவது, ரோட்டில் வண்டி நிற்பது, புடவை கிழிவது எல்லாம் சின்ன வெட்கம்தான். இரண்டு நாளில் போய்விடும். ஒன்றின்மேல் ஆசைப்பட்டது வெளியே தெரிந்துவிட்டால் வருகிற வெட்கம் இருக்கிறதே, அது வேறு. அதற்குப் பயந்துதான் நான் மேடையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஷோகேஸ்

பேட்டா எங்கள் வீட்டுக் கூடத்து ஷோகேஸில் குடியேறியது. பாலிதீன் உறை பிரிக்காமல், நடுத்தட்டில். லேஅவுட் வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது அறுபது பேர் வாழ்த்துப் போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் ‘கங்கிராட்ஸ் சேகர் சார்’ என்று எழுதியிருந்தார்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பிப் பதில் போட்டார்.

வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவர்கூடப் பார்த்துவிட்டுத்தான் போனார். காய்கறி வாங்கப் போகும்போது ஆட்டோக்காரரிடம், “ஸ்வல்ப நிதானமா ஓட்டப்பா, ஓவர்டேக் பண்ணும்போது பொறுமை வேணும்” என்று சொன்னார். ஆட்டோ அப்போது நின்றுகொண்டிருந்தது.

சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், ஒருமுறை இரண்டு தரம் போட்டேன். அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். வழக்கமாக அப்படிச் சாப்பிடுகிறவர் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வாரத்தில் திவ்யா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சேர்ந்து ஐந்தாம் நாள். சிக்னல் தாண்டி, ரோடு காலியாக இருந்தது, மூன்றாவது கியர் போட்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்கு இளிக்கறீங்க? ரோட்டைப் பாருங்க” என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் விழுந்தது. அதற்கப்புறம் அரை மணி நேரம் அவள் ஒரு தப்பும் செய்யாமல் ஓட்டினாள், ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, “தேங்க்ஸ் மேடம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

பதினெட்டு வருடத்தில் நான் யாரையும் அப்படிப் பேசியதில்லை. என் ஆசையை நான் விழுங்கியது எனக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அது பக்கத்துச் சீட்டில் இருக்கிறவளைப் போய்க் கடித்திருக்கிறது. நான் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டுநர் சீட்டில்

கார் வந்த சத்தம் கேட்டு வீட்டுக்காரர் கேட்டைத் திறக்க வந்தார். சாயங்காலம் ஐந்து மணி, காபி நேரம். நான் இறங்கவில்லை என்றதும் குனிந்து பார்த்தார்.

“உள்ள வந்து உக்காருங்க” என்றேன்.

நான் இருந்தது இடதுபக்கம், சொல்லிக்கொடுக்கிறவர் சீட்டில். முன்னால் காலியாக இருந்தது ஓட்டுநர் சீட்டுதான். அவர் தயங்கித் தயங்கி அதில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க, அந்தப் பேட்டா எனக்கு வரவேண்டியது.”

அவர் நேராக எங்கள் வீட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஆசையா இருந்துச்சுங்க. வேண்டாம் வேண்டாம்னு நாகராஜுகிட்ட சொன்னதெல்லாம் பொய்யி. பேசறதுக்கு எழுதிக்கூட வச்சிருந்தேன்.”

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“பாத்ரூம்ல யாராவது கன்னடத்துல ஸ்லோகம் சொல்லுவாங்களா ஈசு? ‘எல்லரிகூ நமஸ்கார’ன்னு பத்து நாளும் எனக்குக் கேட்டுது அல்வா?” ‘இல்லையா’ என்பதற்கு அவர் வாயில் கன்னட ‘அல்வா’தான் வரும்.

எனக்குக் காது சுட்டது. “தெரிஞ்சுமா மைக்கை வாங்கினீங்க?”

அவர் ஸ்டீரிங்கின் விளிம்பைத் தடவினார். பேசினபோது குரல் தணிந்திருந்தது.

“பேட்டாவை வச்ச உடனேயே தெரிஞ்சுது, தப்பு நடந்துடுச்சுன்னு. கழட்டி உன் தலையில வச்சிருக்கணும். கை மேல போகல. ஆபீஸ்ல யாருக்கு ரிடையர்மென்ட்னாலும் மாலை வாங்கிட்டு வர்றது நான்தான். முப்பத்தி நாலு வருஷம். மார்க்கெட்ல பூக்காரருக்கு என் பேரு தெரியாது, ‘ஆபீஸ் மாலை சார்’னு கூப்பிடுவாரு. எனக்கு ரிடையர்மென்ட் வந்த அன்னிக்கு வேற யாரும் போகல. நானே போயி எனக்கும் வாங்கிட்டு வந்தேன்.”

இது எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த மாலையோடு வீட்டுக்கு வந்தவரை ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிட்டது நான்தான். மாலை நல்ல கனமாக இருக்கிறதே என்றுகூடச் சொன்னேன்.

“அப்புறம் எதுக்குப் பதினோரு நிமிஷம்?” என்று கேட்டேன்.

“நிறுத்தினா எடுத்துடுவாங்கன்னு பயம். தப்பு தெரிஞ்சு யாராவது வந்து பேட்டாவைக் கழட்டிடுவாங்க அல்வா? அதான் சும்னே பேசிட்டே இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஸ்டீரிங்கில் கை பட்டு ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கோபம் அதோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். அவர்மேல் பரிதாபம் வந்தது, கோபமும் ஒரு ஓரமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் இறங்கிப்போய் பேட்டாவை எடுத்துக்கொண்டு வந்தார். பாலிதீன் உறையைப் பிரித்து என் மடியில் வைத்தார். “வச்சுக்கோ.” தலையில் வைத்துப் பார்த்தேன். புருவம் வரைக்கும் இறங்கி, இரண்டு காதையும் மூடிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை.

“இது உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு மைக்தான் வேணும்” என்றேன்.

சொன்ன பிறகுதான், இத்தனை நாள் நான் பறிகொடுத்ததாக நினைத்தது பேட்டாவை இல்லை என்று எனக்கே புரிந்தது.

“நான் நாகராஜுகிட்ட சொல்றேன்” என்றார்.

“வேண்டாம். நானே கேக்கறேன்.”

ஐந்து நிமிடம்

மறுநாள் வகுப்பில் முதலில் திவ்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல மேடம், எங்கம்மாவும் அப்படித்தான்” என்றாள். அது ஆறுதலாக இல்லை. மூன்றாவது கியர் வந்ததும் “சிரிங்க” என்றேன். சொல்லிச் சிரிப்பு வருமா? இரண்டு பேருமே அசடுவழிந்தோம்.

அப்புறம் நாகராஜுவுக்குப் போன் செய்தேன். ‘ஹலோ’ என்றதும் வழக்கம்போல ‘ஒண்ணுமில்ல சார், சும்மாதான்’ என்று வாய் வரைக்கும் வந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னேன்: “சார், யுகாதி விழாவுல எனக்கு அஞ்சு நிமிஷம் மைக் வேணும். அன்னிக்கு நான் பேசவேண்டியதைப் பேசணும்.”

“அய்யோ மேடம், அவத்து...” என்று ஆரம்பித்து, அன்றைக்கு என்ற அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார். அவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அந்தக் கூடத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்ததோ. எல்லோரும் மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறோம்.

யுகாதியன்று அதே மேடை. வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்து முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காகிதத்தை விரித்தேன். வணக்கத்துக்கு அடுத்த வரி: ‘இந்தக் கௌரவத்துக்கு நான் தகுதியானவள் அல்ல.’

அதைப் பத்து நாள் பாடமாக்கியிருந்தேன். காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

“எல்லோருக்கும் வணக்கம்” என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். “போன விழாவில் நீங்கள் எனக்கு வைக்கவேண்டிய பேட்டாவை என் வீட்டுக்காரருக்கு வைத்துவிட்டீர்கள். எனக்கு அதன்மேல் ரொம்ப ஆசை இருந்தது. இந்த மேடையில் பேச வேண்டும் என்று பத்து நாள் பழகிப் பார்த்தேன். நான் செய்த வேலைக்கு இது தகும் என்றுதான் நினைக்கிறேன்.”

முன்வரிசையில் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். சிலர் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. அவர் எழுந்து நின்று, “எனக்குக் கார் ஓட்டவே தெரியாது” என்று கன்னடத்தில் உரக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூடமே சிரித்தது. நானும் மைக்கில் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு நான்கு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. வாயை மூடிக்கொள்ளவில்லை.

அப்புறம் பேசினேன். எழுதியதில் பாதி மறந்துபோனது, எழுதாதது நிறைய வந்தது. கடைசியில், “என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்றேன். அவர்கள் தயங்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திவ்யா எழுந்தாள். பிறகு மேல்கோட்டைப் பேராசிரியை. ஒரு மாமியார் எழுந்தார், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மருமகளும் எழுந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அடக்க முடியாமல் சிரித்தார்கள். வரிசை வரிசையாக எழுந்துகொண்டே இருந்தார்கள்.

கைதட்டினார்கள். போதும் என்று கைகாட்ட என் கை மேலே போனது. அதை இறக்கிக்கொண்டேன். நாகராஜு மைக்குக்காகக் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். நான் இறங்க அவசரப்படவில்லை.